கொழும்பில் இன்னும் யாராவது பேப்பர் வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள். வெள்ளவத்தைக் கடைகளில் ஞாயிறு பேப்பர் இன்னும் போகிறது, வார நாட்களில்தான் மாலை வரைக்கும் கட்டுக் குறையாமல் கிடக்கும். "போனில் சும்மா கிடைக்கும் செய்திக்கு ஏன் காசு" என்று எல்லாரும் இணையத்தின் தலையில் பழியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பாதிக் கதைதான். வாசகர் கொடுக்கும் காசில் மட்டும் பேப்பர் நடத்த முடியாது, நடத்தியது விளம்பரம், அதிலும் சின்னச் சின்ன வரி விளம்பரம்: வீடு வாடகைக்கு, வான் விற்பனைக்கு, மணமகன் தேவை. இப்போது வீடும் வானும் 'இக்மன்' என்ற இணைய விளம்பரத் தளத்தில், புடவைக்கடைக்காரர் காசு கட்டுவது பேஸ்புக்குக்கு.

அதற்கு மேல் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. அச்சுத் தாள் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும், பெப்ரவரியில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது, அந்த விலைக்கும் டொலர் கிடைக்கவில்லை. மார்ச்சிலேயே தாள் தட்டுப்பாட்டால் 'ஐலண்ட்', 'திவயின' இரண்டும் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. மற்றப் பேப்பர்களும் மெலிந்தன, விலை ஏறியது. அப்போது விட்டவர்கள் பலர் பிறகு திரும்பி வாங்கவே இல்லை, எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் அண்ணா உட்பட.

சரி, அப்படியென்றால் தமிழ்த் தினசரி இன்னும் எப்படி வருகிறது? ஒன்று மரண அறிவித்தல். "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று பேப்பரில் வந்தால்தான் எங்கள் மாமிக்குச் செய்தி உறுதி, கனடாவில் இருக்கும் பிள்ளைகள் இணையத்தில் போட்டாலும் ஊருக்காகப் பேப்பருக்கும் கொடுக்கிறார்கள். மற்றது யாரும் கவனிக்காத ஒன்று: வங்கி ஏல அறிவித்தல். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்கத் தீர்மானித்தால் அதை அரசாங்க வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலத் தினசரிகளிலும் போட்டே ஆகவேண்டும். ஆக, கடனில் மூழ்கியவரின் வீடுதான் பேப்பருக்குச் சோறு போடுகிறது (கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்). நாளைக்கே அந்த அறிவித்தலை இணையத்தில் போட்டால் போதும் என்று சட்டத்தைத் திருத்தினால் வார நாள் பேப்பர்கள் ஆடிப்போகும்.

எனக்குப் பயம் மலையக நிருபர்களை நினைத்துத்தான். ஹட்டன் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தீப்பிடித்தால், சம்பளப் பிரச்சினை வந்தால், அங்கே போய் நின்று விசாரித்து அனுப்புவது அவர்கள். செய்தித் தளங்கள் பலவும் அதையே எடுத்துத் தலைப்பில் 'அதிர்ச்சி' சேர்த்துப் போடுகின்றன. பேப்பர் நின்றால் இந்தத் தளக்காரர்கள் எதைப் பார்த்து எழுதுவார்கள்?