ஸ்டென்ட் வைத்தவர் அமெரிக்கா போகும்போது எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

கேள்வி: மகளின் தலைப்பிரசவத்துக்காக நானும் கணவரும் ஆறு மாதம் டல்லாஸ் போகிறோம். எனக்கு வயது 66, அவருக்கு 72. அவருக்குச் சர்க்கரை உண்டு, நான்கு வருடம் முன்பு ஸ்டென்ட்டும் வைத்தார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரே 50,000 டாலர் பாலிசியும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஸ்டென்ட்டைப் பற்றி எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும் என்கிறார். இங்கே எங்களுக்கு மெடிக்ளைம் இருக்கிறது. அது போதாதா? மாப்பிள்ளையின் ஆபீஸ் இன்சூரன்ஸில் எங்களைச் சேர்க்க முடியாதா? (மதுரை வாசகி)

பதில்: அம்மா, முதலில் ஒன்று. ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குள் போனதும், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதற்கு முன் இதயத்துக்கு ஏதாவது செய்திருக்கிறார்களா என்றுதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் உண்மையைத்தான் சொல்வீர்கள், சொல்லவும் வேண்டும். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். கிளைமைப் பரிசீலிப்பவர் வாங்கிப் பார்ப்பதும் அதே கேஸ் ஷீட்டைத்தான். விண்ணப்பத்தில் 'நோய் எதுவும் இல்லை' என்று இருந்தால், பாலிசியே செல்லாது என்று கைவிரிக்க அவர்களுக்கு அது போதும். இப்போது மிச்சமாகும் பிரீமியம் சில ஆயிரம் ரூபாய். அங்கே வரக்கூடிய பில் நீங்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கரைத்துவிடும்.

அடுத்து, அந்த 50,000 டாலர். தொகையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வயதானவர்களுக்கு நம் ஊர் கம்பெனிகள் தரும் பல பயண பாலிசிகளில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்வரம்பு வைத்திருப்பார்கள். சப்-லிமிட் என்பார்கள். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஐசியூவுக்கு நாளொன்றுக்கு 3,000 டாலர்தான் பாலிசி தரும், ஆஸ்பத்திரி 10,000 கேட்கிறது, நான்கு நாள் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 40,000 டாலர், பாலிசி தருவது 12,000. மீதி 28,000 உங்கள் மகள் தலையில் விழும். மொத்தத் தொகைக்குள்தானே பில் வந்தது என்று அங்கே வாதாட முடியாது. அதனால் அந்த ஏஜென்ட்டிடம் விளம்பரத் தாளை வாங்காதீர்கள். முழு பாலிசி வாசகத்தையும் வாங்கி, உங்கள் கணவர் வயதுக்கு உரிய அட்டவணையைப் பாருங்கள்.

அதே வாசகத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற பகுதியையும் நிதானமாகப் படியுங்கள். பல பாலிசிகள் பழைய நோயை அடியோடு விலக்கிவிடும். சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குள் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. முதல் வகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் ஸ்டென்ட் வைத்தவருக்கு எடுப்பதில் பயனில்லை.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவிலேயே விசிட்டர்களுக்கென்று விற்கும் பாலிசியை உங்கள் மகள் ஆன்லைனில் எடுக்கலாம். அதிலும் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியது ஒன்று, நான் மேலே சொன்ன அதே தொல்லை. மற்றது காம்ப்ரிஹென்சிவ். அதில் டிடக்டிபிள் என்ற முதல் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். பிறகு, வழக்கமான ஒரு திட்டத்தில், முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதமும் அதற்கு மேல் பாலிசித் தொகை வரை முழுதும் கம்பெனி கொடுக்கும். டிடக்டிபிள் 250 என்றால் உங்கள் கையிலிருந்து போவது 250, அதோடு 1,000. மகளால் தாங்கக்கூடிய கணக்கு.

ஆனால் இங்கும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'அக்யூட் ஆன்செட்'. பழைய நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று தீவிரமானால், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் மட்டுமே பணம் என்பது அதன் சாரம். இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுப் போனால் கிளைம் கையைவிட்டுப் போகும், ஆளுக்கும் ஆபத்து. பல திட்டங்களில் 70 வயதில் இந்தச் சலுகை சுருங்கும், 80-ல் அறவே நிற்கும். இதயத்துக்கென்று தனியாகக் குறைந்த வரம்பு வைத்த திட்டங்களும் உண்டு. 72 வயதுக்கு இதயச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு திட்டங்களை ஒப்பிடச் சொல்லுங்கள்.

என் யோசனை இது. இருவருக்கும் ஒரே பாலிசி வேண்டாம். உங்களுக்கு 70 ஆகவில்லை, கடுமையான நோயும் நீங்கள் சொல்லவில்லை. உள்வரம்பு குறைவாக உள்ள நல்ல இந்தியப் பாலிசி உங்களுக்குப் போதும். அவருக்கு அமெரிக்க காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு எடுங்கள். செலவு கூடும். கூடட்டும். இந்தியப் பாலிசியை விமானம் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். அமெரிக்கப் பாலிசியைப் போய்ச் சேர்ந்த பிறகும் எடுக்க முடியும் என்றாலும் இறங்கும் நாளிலிருந்தே அமலில் இருக்கும்படி எடுங்கள்.

இங்குள்ள மெடிக்ளைம் பெரும்பாலும் இந்திய எல்லைக்குள்தான் செல்லும். மாப்பிள்ளையின் ஆபீஸ் இன்சூரன்ஸ் மனைவி, பிள்ளைகளுக்கானது. பெற்றோர், மாமனார், மாமியாரைப் பொதுவாகச் சேர்க்க முடியாது. முதியோருக்கான மெடிகேர் திட்டமும் விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது.

புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே இதய டாக்டரைப் பார்த்து, பயணம் செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். மாத்திரை மாற்றுவதாக இருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். கிளம்பும் நேரத்தில் மருந்து மாறியிருந்தால், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று சில பாலிசிகள் எடுத்துக்கொள்ளும். மூன்று மாத மாத்திரையைப் பிரிக்காத அட்டைகளாக, ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பெயரல்ல, மருந்தின் பெயர்) எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே பையில் இருக்கட்டும். வழக்கமான சுகர் டெஸ்ட், பல் வைத்தியம் இதற்கெல்லாம் பாலிசியை எதிர்பார்க்காதீர்கள்.

சளி, காய்ச்சல் என்றால் எமர்ஜென்சிக்கு ஓடாமல் 'அர்ஜென்ட் கேர்' கிளினிக்குக்குப் போங்கள், செலவு பல மடங்கு குறையும். ஆனால் நெஞ்சுவலி என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கே அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்யுங்கள். இன்சூரன்ஸ் அட்டையைத் தேடி நிற்காதீர்கள். பணம் கட்ட முடியுமா என்று பாராமல் எமர்ஜென்சி நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-லிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. அவரைச் சேர்த்த பிறகு, 24 மணி நேரத்துக்குள் மகள் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் போன் செய்யட்டும்.

பில் பிறகு தபாலில் வரும், ஒன்றல்ல, ஆஸ்பத்திரி தனி, டாக்டர் தனி, ஆம்புலன்ஸ் தனி. பயந்து உடனே கார்டைத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு இனத்துக்கும் தொகை போட்ட பில்லைக் கேட்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் பெரிய பாக்கி நின்றால், லாபநோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விண்ணப்பம் எங்கே என்று மகளை நேரே கேட்கச் சொல்லுங்கள்.