அட்டை வீடு – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் திருப்பூரில் இருக்கிறேன். கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். பையனுக்கு வரும் தையில் 2 வயது முடிகிறது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்பதால், அவனுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் நானே செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை.

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு வீடு செய்தேன். கதவு, ஜன்னல், ஓட்டுக் கூரை எல்லாம் வைத்து வர்ணம் அடித்தேன். அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்ததில் பல ராத்திரிகள் போயின. காலையில் காட்டினால், உள்ளே போனான், வெளியே வந்தான், கூரை மேல் ஏறி உட்கார்ந்து நசுக்கிவிட்டான். பிய்ந்த கதவை மட்டும் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு திரிந்தான். வீடியோக்களில் வரும் குழந்தைகள் அம்மா செய்ததை வைத்து எவ்வளவு அழகாக விளையாடுகின்றன! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை வேறு, "கடையில வாங்கிக் குடுக்க வக்கில்லாத மாதிரி குப்பையைப் பொறுக்கிக் குடுக்கறியே" என்கிறார். வீடு முழுக்க பேட்டரி காரும் பாட்டுப் பாடும் யானையும் இறைந்து கிடக்கின்றன. அடுத்த மாதம் நாத்தனார் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், மண்டபத்தில் வைக்கிறார்கள். கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்றேன். "நாலு பேர் முன்னால பிரிச்சுப் பார்ப்பாங்க, வேண்டாம்" என்கிறார் கணவர்.

நான் செய்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? பரிசாக என்ன செய்து கொடுக்கலாம்?

அன்புடன்,
க., திருப்பூர்

*

அன்புள்ள க.,

பிய்ந்த கதவை இரண்டு நாள் இழுத்துக்கொண்டு திரிந்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். நீங்கள் அவனுக்கு ஒரு வீடு கொடுத்தீர்கள். அவன் அதிலிருந்து தன் வயதுக்கு வேண்டியதைப் பிய்த்து எடுத்துக்கொண்டான். கதவு அவனுக்குப் பிடித்திருந்தது, அதை நீங்கள்தான் செய்தீர்கள். அழ வேண்டிய காரியமே இல்லை.

வீடு வைத்துக் குடித்தனம் நடத்தும் விளையாட்டு மூன்று, நாலு வயதில்தான் நன்றாக வரும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு என்றால் போடுவது, எடுப்பது, இழுப்பது, கொட்டுவது, மூடுவது, திறப்பது, எதையாவது தூக்கிக்கொண்டு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போவது. அதையே நாள் முழுக்கச் செய்வான். பார்க்கிற நமக்குச் சலிக்கும், அவனுக்குச் சலிக்காது. கலைப்பதும் அதில் ஒன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை மிதித்துக் கலைக்க வரும் பிள்ளையிடம், "எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே" என்று கெஞ்சுவது போல அதற்கென்றே பத்துப் பாட்டு. அடுத்த பருவம் சிறுபறை, கொட்டி முழக்குவது. கடைசியில் சிறுதேர், இழுத்து ஓட்டுவது. கலைப்பது, கொட்டுவது, இழுப்பது என்று உங்கள் பையன் வீட்டுக்குள் செய்வதைத்தான் அவர்கள் வரிசையாக வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

வீடியோக்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவை பெரியவர்கள் பார்ப்பதற்காக எடுக்கப்படுபவை. குழந்தை அழகாக விளையாடிய அரை நிமிடம் அதில் இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தது இருக்காது. அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை. அதைப் பார்த்து உங்களை அளந்துகொள்ளாதீர்கள் என்கிறேன்.

இப்போது நான் உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புவது. பையன் தூங்கிய பிறகு செய்யாதீர்கள். அவன் விழித்திருக்கும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், பாதியில் பிடுங்குவான், பசையில் கை வைப்பான், செய்த பொருள் கோணலாக வரும். வரட்டும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு வீடு நிற்கிறது என்றால், அவனுக்கு அதுவும் கடையிலிருந்து வந்த காரும் ஒன்றுதான். இரண்டும் எங்கிருந்தோ வந்தவை. அம்மா கை அட்டையை மடிப்பதையும், கத்தரி போவதையும், ஒட்டினது ஒட்டிக்கொள்வதையும் கூட இருந்து பார்த்தான் என்றால் கதையே வேறு. சாமான் என்பது செய்யப்படுகிறது, பிய்ந்தால் மறுபடி ஒட்டலாம், நானும் கை வைக்கலாம் என்று இரண்டு வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் செய்யும் பொம்மையால் காசு மிச்சம் என்பதோ, பிளாஸ்டிக் இல்லை என்பதோ எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. இதற்காகத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், கோடையில் நுங்கு வண்டி இல்லாத தெரு கிடையாது. அதை யாரும் ராத்திரி உட்கார்ந்து செய்து வைக்க மாட்டார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்க நுங்கு சீவுவார்கள், பெருவிரலை விட்டு நோண்டிக் குடிப்பார்கள். குடித்து முடித்த காய் இரண்டை எடுத்து நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். கவட்டை உள்ள நீளக் கம்பு ஒன்றை அந்த அச்சில் வைத்துத் தள்ளினால் ஓடும். வாயில் இன்னும் நுங்கின் ஈரம் இருக்கும், அதற்குள் வண்டி தெருமுனைக்குப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் காய் சுருங்கிச் சக்கரம் கழன்றுவிடும். யாரும் வருத்தப்படுவதில்லை, அதற்குள் அடுத்த குலை இறங்கியிருக்கும். ஓலைக் காற்றாடியும் பூவரச இலைப் பீப்பியும் அதே மாதிரிதான், கண்ணெதிரே உருவாகிக் கண்ணெதிரே வாடுபவை. காங்கேயம், தாராபுரம் பக்கம் பனைக்குக் குறைவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தள்ளும் கம்பை அவன் உயரத்துக்குக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முனையை மழுக்கிக் கொடுத்தால் போதும். நேரமே கிடைக்காத அப்பாவுக்கு அந்த ஒரு காலை நேரம் பெரிது.

இன்றைக்கே செய்ய ஒன்று சொல்கிறேன். காலி ஹார்லிக்ஸ் பாட்டில், பிளாஸ்டிக்கில் வருவது. அதன் மூடியில் ஓர் உண்டியல் வாய் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து அவன் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு வெட்டி அவன் முன்னால் வையுங்கள். ஒன்றை நீங்கள் போட்டுக் காட்டினால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். முதலில் துண்டைக் குறுக்கே வைத்து அழுத்துவான், போகாது. கையைத் திருப்புவான். சட்டென்று உள்ளே விழும் அந்த நொடியில் அவன் முகத்தைப் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து கொட்டச் சொல்வான், மறுபடி முதலிலிருந்து. சாதம் வடிக்கும் நேரம் முழுக்க ஓடும். சலித்துவிட்டால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த மாதம் கொடுங்கள்.

உங்கள் அத்தை சொன்னதற்கு வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். அவர் வயதில் இருக்கும் பலருக்குக் கடைப் பொம்மை என்பது தேர்த் திருவிழாவில் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்த ஒன்று. பேரனுக்கு அது வீடு நிறைய இருக்கிறது என்பது அந்தக் குடும்பம் உழைத்து மேலே வந்ததற்கு அடையாளம். அந்த இடத்தில் நீங்கள் அட்டையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்குச் சுருக்கென்று படத்தான் செய்யும். அதில் நியாயம் இருக்கிறது. விளக்கம் சொல்லி அவரை மாற்றப் பார்க்க வேண்டாம். அவரிடம் ஒரு வேலை கேளுங்கள். "அத்தை, நீங்க சின்னதுல துணிப் பொம்மை கட்டுவீங்களா? எனக்குக் காட்டிக் குடுங்க."

கட்டியிருப்பார். என் அம்மா பழைய வேட்டித் துண்டில்தான் என் மகளுக்குக் கட்டிக் கொடுத்தார். நடுவில் ஓர் உருண்டை வைத்துக் கழுத்தில் இறுக்கி ஒரு கட்டு, இரண்டு மூலையிலும் கைக்கு முடிச்சு, அவ்வளவுதான். கண் மூக்கு ஒன்றும் கிடையாது. அழுகிறது, தூங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று என் மகள்தான் சொல்வாள். முகம் வரைந்திருந்தால் அது எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கும். உள்ளே திணிக்க உங்கள் ஊரைவிட நல்ல ஊர் கிடையாது. பனியன் கட்டிங் வேஸ்ட் எடை போட்டு விற்கிறார்கள், பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். துவைத்துக் காயவைத்த பிறகு திணிக்கிற வேலையைப் பையனிடம் விட்டுவிடுங்கள். திணிப்பதும் பிடுங்குவதும் அவன் வயதுக்கு உகந்த வேலை. அத்தை கட்ட, அவன் திணிக்க, நீங்கள் நூல் கோத்துக் கொடுங்கள். அதன் பிறகும் அவர் அட்டையைக் குப்பை என்று சொன்னால் சொல்லட்டும், விடுங்கள்.

வீடு நிறைந்து கிடக்கும் பொம்மைகளை என்ன செய்வது? முக்கால்வாசியைப் பரண் மேல் போடுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாம் 18 மாதத்திலிருந்து 30 மாதத்துக்குள். ஒரு முறை 4 பொம்மைகளோடும் ஒரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்ததில், 4 இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் நெடுநேரம், பல விதமாக வைத்து விளையாடினார்கள். ஆய்வு வெளியானது 2018இல். ஆகவே மாற்றி மாற்றி எடுத்துக் கொடுங்கள், கொடுத்தவர் வீட்டுக்கு வரும் நாளில் அவர் கொடுத்தது வெளியே இருக்கட்டும். பேட்டரி சாமான்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் வட்ட செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வீட்டில் செய்யும் பொம்மைக்கு எந்த முத்திரையும் கிடையாது, அந்தப் பொறுப்பு நம் தலையில். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் குழந்தையின் தொண்டை அளவுக்கு ஓர் உருளை வைத்திருப்பார்கள். குறுக்களவு 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பொம்மையில் இருக்கக்கூடாது. கேரம் காயே ஏறக்குறைய அந்த அளவுதான், ஆகவே உண்டியல் பாட்டிலில் போட அதைக் கொடுத்துவிடாதீர்கள். புளியங்கொட்டை, பாசிமணி, பொத்தான் எதுவும் வேண்டாம். அத்தை கிலுகிலுப்பை முடைந்து குன்றிமணி போடலாம் என்றால் அதை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள், குன்றிமணி கடுமையான விஷம். இழுக்கும் வண்டிக்குக் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டாம், கழுத்தில் சுற்றும். மைதாப் பசை காய்ச்சினால் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடும் பழக்கம் உண்டு, அது விஷம், குழந்தை கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது. அட்டைப்பெட்டியில் கம்பிப் பின் அடித்திருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

கடைசியாக, பிறந்தநாள். உங்கள் கணவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. மண்டபம், மேடை, போட்டோ என்று வரும்போது உறவு முறைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நாத்தனார் குழந்தைக்கு முறைப்படி என்ன செய்வீர்களோ, துணியோ வெள்ளிக் கொலுசோ, அதைச் செய்துவிடுங்கள். கையால் செய்ததை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள், கூட வையுங்கள். மேடையில் கொடுக்கவும் வேண்டாம். மறுநாளோ மறுவாரமோ அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து கொடுங்கள்.

ஒரு துணிப் புத்தகம் தைக்கலாம். உங்கள் பழைய பருத்திச் சேலையில், விரித்த கை அளவுக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் தடிமனாக நிற்கும். ஒரு பக்கத்தில் சின்னத் திரை, தூக்கினால் உள்ளே நாத்தனாரின் போட்டோ. இப்போது துணியிலேயே படம் அச்சடித்துத் தருகிறார்கள், உங்கள் ஊரில் சொல்லவே வேண்டாம். இன்னொரு பக்கத்தில் கை நுழையும் பை, அதற்குள் ஒரு கைக்குட்டையைப் போட்டு நுனியைப் பையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள், இழுக்க இழுக்க வரும், கையோடு வந்துவிடாது. ஒரு பக்கத்தில் சொரசொரப்பான பவானி ஜமுக்காளத் துண்டு, எதிர்ப் பக்கத்தில் வழவழவென்று பட்டுத் துண்டு. ஒரு பக்கம் உங்கள் பையனுடையது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் துணிச் சாயத்தில் தொட்டு அவனை அச்சுக் குத்தச் சொல்லுங்கள், பூவாக விழும். குழந்தைகளுக்கு ஆகும் சாயமாகப் பார்த்து வாங்கி, காய்ந்ததும் துணியின் பின்பக்கம் இஸ்திரி போட்டு, இரண்டு முறை அலசிய பிறகு தையுங்கள். ஒரு வயதுக் குழந்தை அதை முதலில் வாயில்தான் வைக்கும்.

அன்புடன்,
அக்கா