அத்தைக்குப் பொழுது போகவில்லை என்று யார் சொன்னது?

கேள்வி: நான் ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் ஆசிரியை. முட்டைப் பண்ணைக் கூண்டிலேயே வளர்ந்து, முட்டை குறைந்ததும் கறிக்குக் கழித்துவிடப்படும் கோழிகளைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. நாமக்கல் வண்டிக்காரர் ஒருவர் வரும் வியாழக்கிழமை 20 கோழி இறக்கித் தருகிறேன் என்கிறார். எங்களுடையது வாடகை வீடு, இங்கே வளர்க்க முடியாது. தேவிபட்டினம் பக்கம் கடற்கரை ஊரில் என் மாமியார் தனியாக இருக்கிறார். வயது 67. பெரிய கொல்லை. குடிதண்ணீர் மட்டும் தள்ளுவண்டியில் போய்ப் பிடித்து வர வேண்டும், மற்றபடி வசதிதான். ஏழெட்டு நாட்டுக்கோழி ஏற்கெனவே வைத்திருக்கிறார். அத்தைக்கும் பொழுது போகும். என் கணவரோ, “வரட்டும், குழம்பு வைத்துவிடலாம்” என்று கேலி செய்கிறார். அவர் மனசை எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் கணவர் கிடக்கட்டும். குழம்பு என்கிறவர் மனசில் இருப்பதையாவது வெளியே சொல்கிறார். நான் பிடித்துக்கொள்வது உங்களுடைய ஒரு வரியை. “அத்தைக்கும் பொழுது போகும்.”

இதே வரி எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்துவிட்டது. ஒருத்தி நாய்க்குட்டியை ஊருக்கு அனுப்பினாள், ஒருவர் பால்குடி மறக்காத பிள்ளையை அனுப்பினார். எல்லாருக்கும் ஊரில் பொழுது போகாத ஒரு கிழவி இருக்கிறாள். அவளிடம்தான் யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்டதாக எழுதவில்லை.

குடிதண்ணீர் ‘மட்டும்’ என்கிறீர்களே, அந்த வண்டியைத் தள்ளுவது யார் தாயி? ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும். 20 கோழிக்கு 5 லிட்டர். சித்திரை வெயிலில் அதற்கும் மேலே போகும். கொல்லைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். உப்பு ஏறினால் கழிச்சல் வரும், முட்டை ஓடு மெலியும். தீவனம் ஒன்றுக்கு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாது. மாதம் 60 கிலோ. 67 வயதில் அந்த மூட்டையை இறக்கிவைக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும், அவனும் கடலுக்குப் போயிருப்பான்.

அப்புறம், வரப்போவது உங்கள் அத்தைக்குத் தெரிந்த கோழி இல்லை. அவருடைய நாட்டுக்கோழி தானே மேயும், காக்கை நிழல் விழுந்தாலே பதுங்கும், இருட்டினால் தானே கூடடையும். பண்ணைக் கோழிக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. ஒரு தாள் அகலம்கூட இல்லாத இடத்தில் கம்பிமேல் நின்றே ஒன்றரை வருஷம் கழித்தது அது. மண்ணை மிதித்ததில்லை. அலகை வெட்டியிருப்பார்கள், நகம் வளைந்து வளர்ந்திருக்கும், கழுத்தில் இறகு இருக்காது. வருஷத்துக்கு 300 முட்டை போட்ட உடம்பு. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கும். உயரத்திலிருந்து குதித்தால் கால் முறியலாம். முதல் சில நாள் பொழுது சாயும்போது ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் கூட்டில் விட வேண்டும். 20 தடவை குனிந்து நிமிர வேண்டும். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் கோழியின் கால் இருக்கிறது, அவர் கால் இல்லை.

சில கோழிகள் வந்த மாதத்திலேயே செத்தும் போகும். கருப்பை கெட்டுப்போனவை அதில் இருக்கும். குழி வெட்டுவது யார்?

இன்னொன்று. அந்த ஏழெட்டு நாட்டுக்கோழி உங்கள் அத்தைக்குப் பொழுதுபோக்கு என்றா நினைத்தீர்கள்? ஊர்ப்பக்கம் நாட்டுக்கோழி முட்டைக் காசு பெண்பிள்ளையின் சுருக்குப்பைக் காசு. மகனிடம் கை நீட்டாமல் வெற்றிலை வாங்க, பேத்தி கையில் 50 ரூபாய் வைக்க அதுதான். வெளிக்கோழியை வந்த அன்றைக்கே அதோடு சேர்த்து விட்டால், வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய் ஒன்று போதும், வாரத்துக்குள் கூடு காலி. மூன்று நாலு வாரமாவது தனியே, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைக்க வேண்டும். நாட்டுக்கோழிக்கு முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட வேண்டும். கருவாட்டுத் தூளை அள்ளிப் போடும் பழக்கம் கடற்கரையில் உண்டு. அந்த உப்பு கோழியைக் கொல்லும். கிளிஞ்சலை இடித்துப் போட்டால் நல்லது, அதற்கு அங்கே பஞ்சமில்லை.

இரக்கம் தப்பென்று நான் சொல்லவில்லை. இரக்கப்பட்டவள் நீங்கள், சாணி அள்ளுகிறவர் அவர் என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு உயிரை எடுத்து வளர்க்கிறேன் என்கிறவள் தன் வீட்டு முற்றத்தில் வைத்து வளர்க்க வேண்டும். முற்றம் இல்லையா? சரி, அப்போது உங்களுக்குக் கோழி இல்லை. நான் பழைய ஆள், எனக்கு இப்படித்தான் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஊருக்குப் போங்கள். போனதும் கோழிப் பேச்சை எடுக்காதீர்கள். தண்ணீர் வண்டியை உங்கள் கணவர் தள்ளட்டும், குடத்தை நீங்கள் பிடியுங்கள். சாயங்காலம் அத்தை கூட்டை அடைக்கும்போது பக்கத்தில் நின்று, இந்தக் கோழிகளை வளர்க்க அவருக்கு இஷ்டமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், மகனை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். சரி என்றால் 20 இல்லை, நாலு. அதுவும் கோடை விடுமுறையில், முதல் மூன்று வாரம் நீங்கள் அங்கேயே தங்கி. தீவனக் காசு உங்கள் சம்பளத்திலிருந்து. முட்டைக் காசு அவருக்கு.

வியாழக்கிழமை வரவேண்டாம் என்று அந்த வண்டிக்காரருக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.