நிலவா, சூரியனா?

கேள்வி: ஆங்கில ஓவியர் டர்னரின் துறைமுக ஓவியம் ஒன்று. ஆட்கள் நிலக்கரி ஏற்றுகிறார்கள், வானமோ பளீரென்று இருக்கிறது. அது ராத்திரியா, பகலா?
– வாசகர், மதுரை

பதில்: ராத்திரிதான், அந்த வெளிச்சம் நிலவுடையது. 1835-ல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்த படம். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இடம், வட இங்கிலாந்தில் டைன் ஆற்றின் முகத்துவாரம்.

நிலவை விட்டுவிட்டு அதற்குக் கீழே தண்ணீரைப் பாருங்கள். அங்கே சாயத்தைக் கெட்டியாக அப்பியிருக்கிறார். அதனால் நீரின் மினுமினுப்பு வானத்தோடு போட்டி போடுகிறது. இரண்டு பக்கமும் கப்பல்களை இருட்டாக நிறுத்தியதும் நடு வெளிச்சம் இன்னும் தூக்கிக் காட்டுகிறது. வலப்பக்கம் மட்டும் தீப்பந்தங்களின் ஆரஞ்சு நிறம், புகை, படகிலிருந்து கரியை அள்ளிப் போடும் கறுத்த உருவங்கள். அந்தச் சூடு இல்லாவிட்டால் நிலவு இத்தனை குளிர்ச்சியாகத் தெரியாது என்பது என் கட்சி.

வாங்கியவர் மான்செஸ்டர் ஜவுளி ஆலைக்காரர். முந்தைய வருடம் டர்னர் வரைந்த வெயில் காயும் வெனிஸ் படமும் அவரிடம்தான் போனது. அதில் படகுகள் சாவகாசமாக மிதக்கும். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு நிலக்கரி ஏற்றும் படம்தான் ஒரு படி மேல்.