ஒழுங்கற்ற வடிவங்களின் பரப்பளவு: பெற்றோர் கேள்விகள்

கேள்வி: கிராஃப் தாளில் இலையை வரைந்து எண்ணும்போது, பாதிக்கு மேல் உள்ள கட்டத்தை 1 என்று எடு, குறைந்தால் விட்டுவிடு என்கிறது பாடம். "இது சும்மா குத்துமதிப்புதானே?" என்கிறாள் மகள்.

பதில்: நல்ல கேள்வி, அதட்டி அடக்கிவிடாதீர்கள். குத்துமதிப்புதான். ஆனால் எவ்வளவு தப்பலாம் என்று சொல்லிவிட முடிகிற குத்துமதிப்பு. ஒரு பூவரசம் இலையை 1 செ.மீ. கட்டத்தாளில் வைத்துச் சுற்றி வரையட்டும். முழுக் கட்டங்கள் 34, ஓரத்தில் வெட்டுப்பட்டவை 32 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 34-க்குக் குறையாது, 66-ஐத் தாண்டாது. நடுவே 50 சதுர செ.மீ. பாடம் சொல்லும் முறையிலும் விடை இதன் பக்கத்தில்தான் வரும். விட்ட துண்டுகளும் கூடுதலாக எண்ணிய துண்டுகளும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. அப்புறம் அதே இலையை அரை செ.மீ. கட்டத்தில் வரையச் சொல்லுங்கள் (இங்கே நான்கு கட்டம் சேர்ந்தால்தான் 1 சதுர செ.மீ.). இடைவெளி 32-லிருந்து சுமார் 16-ஆகச் சுருங்கும். இதை அவள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். சூத்திரம் பிறகு வரட்டும்.

கேள்வி: இலையைச் சுற்றி நூல் வைத்து, அந்த நூலைச் சதுரமாக்கிப் பரப்பு கண்டுபிடிக்கிறான் மகன். சரியா?

பதில்: தவறு. 20 செ.மீ. நூலில் 5×5 சதுரம் செய்தால் 25, 9×1 செவ்வகம் செய்தால் வெறும் 9. இரண்டையும் அவனையே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: 'ட' வடிவ அறை?

பதில்: இரண்டு செவ்வகமாக வெட்டிக் கூட்டலாம். முழுச் செவ்வகமாக்கி, இல்லாத மூலையைக் கழிக்கலாம். இரண்டு வழியிலும் போட்டு விடை ஒத்துவருகிறதா என்று பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் கோணல் மனையை, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கி அளக்கிறார்கள். பிள்ளைக்கும் அதையே சொல்லித்தரலாமா?

பதில்: வேண்டாம். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அது சரி. மற்றபடி எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், வாங்குபவருக்கு நஷ்டம். மூலைவிட்டத்தில் டேப் பிடித்து இரண்டு முக்கோணமாக்குங்கள். மூலைவிட்டம் 120 அடி, மற்ற இரு மூலைகளிலிருந்து அதற்குச் செங்குத்துத் தூரம் 50, 40 அடி என்றால், 120 × 90 ÷ 2 = 5,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக சுமார் 12.4 சென்ட். சர்வே துறையின் புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்திருப்பதைக் காட்டுங்கள். செங்குத்து சரிதானா என்று பார்க்க, அது மூலைவிட்டத்தைத் தொடும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பிள்ளையையே அளக்கவிடுங்கள்.