பம்பைத் திருப்புவதற்கு முன்: பழைய கார்களின் இன்ஜெக்ஷன் டைமிங் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் 1980 மாடல் மெர்சிடிஸ் 240டி இருக்கிறது. காலையில் வெள்ளைப் புகை, இழுவையும் குறைவு. டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

உடனே வேண்டாம். டைமிங், அதாவது டீசல் சிலிண்டருக்குள் பாயும் நேரம், தாமதமானாலும் இப்படித்தான் இருக்கும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சூடு தரும் க்ளோ பிளக் ஒன்று செத்துப்போனாலும் காலையில் வெள்ளைப் புகைதான். முதலில் அதைப் பாருங்கள், வால்வு கிளியரன்ஸையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பாருங்கள்.

அடுத்தது செயின். இந்த எஞ்சினில் இன்ஜெக்ஷன் பம்பையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் ஓட்டுவது ஒரே டைமிங் செயின். அது தேய்ந்து நீண்டால் இரண்டுமே தாமதமாகும். பம்பை மட்டும் திருப்பினால் டீசல் நேரத்துக்கு வரும். வால்வுகள் பழையபடி தாமதமாகத்தான் திறக்கும். கோளாறு மறையுமே தவிர தீராது. கேம்ஷாஃப்டின் குறியைப் பொருத்தி நிறுத்தி, கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று அளந்தால் செயினின் நிலை தெரிந்துவிடும்.

கேள்வி: அதே வண்டியின் டைமிங்கை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். முதல் சிலிண்டருக்கான டெலிவரி வால்வையும் (டீசலைப் பின்னால் திரும்பவிடாத சிறு வால்வு) ஸ்பிரிங்கையும் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, அங்கே ஒரு வளைந்த குழாயை மாட்டுங்கள். ஆக்ஸிலரேட்டர் லீவரை முழுதாகத் திறந்து கட்டிவையுங்கள். கைப்பம்பை அடித்தால் குழாயில் டீசல் ஒழுகும். அப்புறம், பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும் கம்பிரஷன் ஸ்ட்ரோக்கில் கிராங்கை மெல்ல, எஞ்சின் சுழலும் திசையில் மட்டும் திருப்புங்கள். ஒழுக்கு சொட்டாக மாறி, விநாடிக்கு ஒரு சொட்டு என்று வரும்போது நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 24 டிகிரி இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். செயினின் தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும். இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி வாருங்கள்.

செயின் நன்றாக இருந்து அளவு மட்டும் தவறியிருந்தால், நட்டுகளைத் தளர்த்திப் பம்பைத் திருப்பலாம். எஞ்சின் பக்கம் சாய்த்தால் டைமிங் முன்னேறும், வெளிப்பக்கம் சாய்த்தால் தாமதமாகும். அதிகம் முன்னேற்றிவிட்டால் தட்டும் சத்தம் கூடும், ஹெட் கேஸ்கெட்டுக்கும் ஆபத்து.

கேள்வி: 1970களின் போர்ஷே 911, கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன். இன்ஜெக்ஷன் டைமிங் எத்தனை டிகிரி?

அப்படி ஒன்றே கிடையாது. எஞ்சின் ஓடும்வரை இன்ஜெக்டர்கள் இடைவிடாமல் பெட்ரோலைத் தூவிக்கொண்டே இருக்கும். எரிபொருள் பிரஷரையும் இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) பாருங்கள்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் 1600, டி-ஜெட்ரானிக் (மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்ஷன்). திடீர் திடீரென்று மிஸ் ஆகிறது. டைமிங்கா?

இந்த வண்டியில் இன்ஜெக்டர்கள் இரண்டிரண்டாகத் திறக்கும். ஒரு சிலிண்டருக்கு வால்வு மூடியிருக்கும்போதே பெட்ரோல் வந்து காத்திருக்கும், அதனால் சில டிகிரி வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. என் சந்தேகம், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில், இன்ஜெக்டர்கள் திறக்கச் சைகை தரும் டிரிகர் கான்டாக்ட் மேல்தான். அதில் அழுக்கோ தேய்மானமோ இருந்தால் அந்த ஜோடிக்கே பெட்ரோல் வராமல் போகும். கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.