சால்டர் கேள்விகள்: புகையைப் பழிக்காதீர்கள், விரலைக் கழுவுங்கள்

ஈயமில்லா சால்டர் (போர்டில் பாகங்களை ஒட்ட உருக்கும் உலோகக் கம்பி) வாங்கினேன். 25 வாட் சால்டரிங் அயர்னில் சரியாக உருகவில்லை. (தக்கலை)

63/37, அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய சால்டர், உருகுவது 183 டிகிரியில். ஈயமில்லாதது 217 முதல் 227 வரை கேட்கும். அகலமான கிரவுண்ட் தடத்தில் வைத்ததும் உங்கள் அயர்ன் சூடு இறங்கிவிடும். 60 வாட் ஸ்டேஷன், 350 டிகிரி, உளி முனை டிப் போதும். ஊசி முனையை வைத்துக்கொண்டு 420-க்குத் திருகினால் தடம் போர்டை விட்டு எழும்பி வரும்.

இணைப்பு மங்கலாக இருக்கிறது. டிரை சால்டரா (சரியாக ஒட்டாத இணைப்பா)? (குழித்துறை)

ஈயமில்லாததன் நிறமே அதுதான். பாகத்தின் காலிலும் போர்டின் செம்புப் பேடிலும் வழிந்து ஒட்டியிருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

ஈயப்புகைக்குப் பயந்து மாறிவிட்டேன். இனி ஜன்னலைத் திறக்க வேண்டாமே? ஈயச்சொம்பு ரசமும் ஆபத்தா? (மார்த்தாண்டம்)

எத்தனை தடவைதான் எழுதுவது! ஈயம் கொதிக்க 1,750 டிகிரி வேண்டும். 350-ல் ஆவியாவது கணக்கிலேயே வராது. கண்ணை எரிப்பதும் ஆஸ்துமாவைக் கிளப்புவதும் பிளக்ஸில் (சால்டர் ஒட்டுவதற்காக உலோகத்தைச் சுத்தம் செய்யும் பொருள்) உள்ள ரோசின் பிசின். ஈயமில்லாததற்குச் சூடு கூடுதல். புகை குறையவே குறையாது. ஜன்னலைத் திறங்கள். சின்ன ஃபேன் புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்கட்டும்.

ஈயம் உள்ளே போவது விரல் வழியாக. கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பது, அதே கையால் மட்டிப்பழம் உரிப்பது, வீட்டுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்குவது: இதையெல்லாம் செய்துவிட்டுப் புகையைப் பழிக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய சால்டரை உறிஞ்சும் பம்ப்பிலிருந்து கொட்டும் துகளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். சால்டரில் பயம் காரீயத்துக்கு.

படகு ஜிபிஎஸ் போர்டில் பச்சை பூக்கிறது. எந்த சால்டர் போடலாம்? (குளச்சல்)

எதைப் போட்டாலும் பூக்கும். மிச்சம் விட்ட பிளக்ஸும் உப்புக்காற்றும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் கனெக்டரை மறைத்துவிட்டு கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் போர்டுப் பக்கமே வரக்கூடாது.

எது நல்லது? (நாகர்கோவில்)

எதற்கு என்று எழுதவில்லையே. விற்பனைக்குக் கருவி செய்வதானால் ஈயமில்லாததுதான்: ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து வரம்பு எடையில் 0.1 சதவீதம், நம் மின்கழிவு விதிகளும் பட்டியலிட்ட கருவிகளுக்கு அதையே சொல்கின்றன. வீட்டு ரிப்பேர் என்றால் 63/37, கையைக் கழுவுவதாக இருந்தால். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் பேஸ்டை மட்டும் ஈய மிச்சத்தின் மேல் போடாதீர்கள். 96 டிகிரியிலேயே இளகும் கலவை நடுவில் உண்டாகி, சூடேறும் பாகம் கழன்று நிற்கும்.